நடுக்குவாதமா, அதனைப் போன்ற வேறொரு நோயா? இரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

“டாக்டர், இது பார்க்கின்சன் நோய்தானா? ஓர் இரத்தப் பரிசோதனை செய்து உறுதியாகச் சொல்லிவிட முடியாதா?” எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி இது. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் இங்கு வரும் குடும்பத்தார், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையை ஒரு சிறு குழல் இரத்தத்தைக் கொண்டு அறிந்து பழகியவர்கள். கை நடுக்கத்துக்கும் நடைத் தளர்ச்சிக்கும் அவ்வாறே விடை கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது இயல்பே.

இக்கேள்விக்கு நாங்கள் இன்று தரக்கூடிய விடை இதுதான். பார்க்கின்சன் நோயையும் அதனைப் போலவே தோன்றும் பிற நோய்களையும் பிரித்தறிய உதவும் சில பொருள்கள் இரத்தத்தில் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று பெரிதும் நம்பிக்கை அளிக்கிறது. ஆயினும், எந்தப் பரிசோதனையும் தனித்து நின்று நோயின் பெயரைச் சொல்லிவிடும் நிலை இன்னும் வரவில்லை. அது ஏன் என்பதையும், அதுவரை நோயாளரும் குடும்பத்தாரும் செய்யக்கூடியவை எவை என்பதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

தோற்றம் ஒன்று, நோய்கள் பல

அசைவுகள் மெதுவாதல், தசை இறுக்கம், நடுக்கம், நடையில் தடுமாற்றம் ஆகியவை சேர்ந்து தோன்றும் நிலையை மருத்துவர்கள் ‘பார்க்கின்சோனிசம்’ என்பர். ‘காய்ச்சல்’ என்பதைப் போல இதுவும் ஓர் அடையாளமே. தனி நோயின் பெயர் அன்று. காய்ச்சலுக்கு டெங்கு, டைஃபாய்டு, சிறுநீர்த் தொற்று எனப் பல காரணங்கள் இருப்பதுபோல இந்நிலைக்கும் பல காரணங்கள் உண்டு.

அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது பார்க்கின்சன் நோய். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதனை விரித்து எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூளைத்தண்டின் மேற்பகுதியில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோயின் அடிப்படை. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கும். மடிமேல் ஓய்வாக வைத்த கை நடுங்கும். ரசத்தின் மணமும் காப்பியின் மணமும் தெரியாமற்போதல், மலச்சிக்கல், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுதல் ஆகியவை பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கக்கூடும்.

இதனைப் போலவே தோன்றும் நோய்களுள் மூன்றினை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, எம்.எஸ்.ஏ. எனப்படும் ‘மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி’. இதில் உடலியக்கம் மட்டுமன்றி, இரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப்பையையும் நம்மை அறியாமலே நடத்திவரும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. எழுந்து நின்றதும் கண் இருட்டுதல், சிறுநீரை அடக்க இயலாமை, உறக்கத்தில் மூச்சு கரகரவென ஒலித்தல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இரண்டாவது, பி.எஸ்.பி. எனப்படும் ‘புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி’. ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி என்னும் மூன்று மருத்துவர்கள் 1964-இல் இதனை விரிவாக வெளியிட்டனர். நோய் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே காரணமின்றிப் பின்புறமாக விழுதலும், கண்களைக் கீழ்நோக்கித் திருப்ப இயலாமையும் இதற்குரியவை. மாடிப்படியில் இறங்கும்போது அடுத்த படி தெரியாமல் தடுமாறுவர். உண்ணும்போது தட்டில் இருப்பது கண்ணில் படாமல் உணவைச் சட்டைமேல் சிந்துவர்.

மூன்றாவது, சி.பி.எஸ். எனப்படும் ‘கார்ட்டிகோபேசல் சின்ட்ரோம்’. ஒரு கை மட்டும் சொன்னபடி கேட்காது. பொத்தான் போடுதல், சோறு பிசைதல் போன்ற பழகிய செயல்களே மறந்துபோனதுபோல் ஆகும்.

இந்நோய்கள் இரண்டு புரதங்களின் கோளாற்றால் விளைகின்றன. பார்க்கின்சன் நோயிலும் எம்.எஸ்.ஏ.-யிலும் ஆல்ஃபா-சினூக்ளின் என்னும் புரதம் தவறாக மடிந்து திரள்கிறது. பி.எஸ்.பி.-யிலும், சி.பி.எஸ். நோயாளருள் பலரிடமும் அவ்வாறு திரள்வது டௌ என்னும் புரதம். வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே நிகழ்வது வேறு. இரத்தத்தில் வேறுபாட்டைத் தேடும் முயற்சிகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

பெயர் தெரிவதால் என்ன பயன்?

“எப்படியும் குணமாகாத நோய் என்கிறீர்கள், பெயர் எதுவானால் என்ன?” என்று சிலர் வருத்தத்துடன் கேட்பதுண்டு. நோயின் போக்கை நிறுத்தும் மருந்து இவற்றுள் எதற்கும் இன்றுவரை இல்லை என்பது உண்மை. ஆயினும் பெயரைப் பொறுத்து அன்றாடக் கவனிப்பு பெரிதும் மாறுகிறது.

இரண்டு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். இவை விளக்கத்துக்காக நாங்கள் புனைந்த எடுத்துக்காட்டுகள். ஆவடியில் தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு வலக்கையில் நடுக்கம். லெவோடோபா மாத்திரை கொடுத்ததும் நன்கு தேறுகிறார். அவருக்குப் பார்க்கின்சன் நோய் எனில், மருந்து வேளைகளை ஒழுங்குபடுத்திப் பல ஆண்டுகள் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள வழியுண்டு. பிற்காலத்தில் மருந்தின் பயன் ஏறி இறங்கும்போது, தகுதியுள்ளவர்களுக்கு மூளையில் மின்முனை பொருத்தும் அறுவைச் சிகிச்சையும் உதவும்.

பூவிருந்தவல்லியைச் சேர்ந்த ஓர் அம்மையாருக்கும் அசைவுகள் மெதுவாகிவிட்டன. அவரோ ஓராண்டுக்குள் நான்கு முறை மல்லாந்து விழுந்துவிட்டார். மாத்திரையால் பெரும்பயன் இல்லை. அவருக்கு பி.எஸ்.பி. எனில், மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதால் நன்மை குறைவு. மேற்சொன்ன அறுவைச் சிகிச்சையும் பயன் தராது. அவருக்கு உடனடியாகத் தேவைப்படுபவை வேறு: குளியலறையில் கைப்பிடி, நடக்கும்போது துணை, விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரின் ஆலோசனை, புரையேறாதபடி உணவின் பதத்தை மாற்றுதல். மேலும், பி.எஸ்.பி.-யும் எம்.எஸ்.ஏ.-யும் பார்க்கின்சன் நோயைவிட விரைவாக முற்றுபவை. வீட்டின் அமைப்பு, பணம், கவனித்துக்கொள்ளும் ஆள், நோயாளர் தம் விருப்பங்களைத் தெளிவாகச் சொல்வதற்கான காலம் ஆகியவற்றைக் குடும்பத்தார் முன்கூட்டியே எண்ண வேண்டும். காலந்தாழ்ந்து பெயர் தெரிந்தால் அந்தக் காலம் வீணாகிவிடுகிறது.

இதுவரை கண்டறிந்துவந்த முறை

இந்நோய்களைப் பிரித்தறிவதற்கு முதற்கருவி நோயாளரின் வரலாறும் நேரடிப் பரிசோதனையுமே. அடுத்தது, லெவோடோபா மருந்துக்கு உடல் எவ்வளவு இணங்குகிறது என்பது. இம்மருந்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்னும் ஆய்வாளர்கள், பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்று அப்போது எவரும் அறியார். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின்னர், 1967-இல், அமெரிக்காவில் கோட்சியாஸ் என்னும் மருத்துவர் உயர்ந்த அளவில் இம்மருந்தினைக் கொடுத்துப் பயன் கண்டார். (பூனைக்காலிப் பொடியை மருத்துவர் அறியாமல் உட்கொள்ள வேண்டா. மாத்திரையுடன் சேர்ந்தால் மருந்தின் அளவு கணக்கின்றி ஏறிவிடும்.)

எம்.ஆர்.ஐ. படமும் உதவுகிறது. பி.எஸ்.பி.-யில் மூளைத்தண்டின் நடுப்பகுதி மெலிந்து, பக்கவாட்டுப் படத்தில் நீண்ட அலகுடைய சிறு பறவைபோல் தெரியும். எம்.எஸ்.ஏ.-யில் மூளைத்தண்டின் குறுக்குவெட்டில் சிலுவை வடிவக் கோடு தெரிவதுண்டு. ஆனால் இவை பெரும்பாலும் நோய் ஓரளவு முற்றிய பின்னரே தெளிவாகும். டோபமைன் ஸ்கேன், டோபமைன் குறைந்துள்ளதா என்பதைக் காட்டும். அக்குறைவு மேற்சொன்ன நோய்கள் அனைத்துக்கும் பொதுவாகையால், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டாது.

இந்த முறையில் எவ்வளவு துல்லியம் கிடைத்தது? பார்க்கின்சன் நோய் என்று வாழ்நாளில் முடிவுசெய்யப்பட்ட 100 பேரின் மூளைகளை, அவர்கள் இறந்த பின்னர் லண்டனிலுள்ள மூளை வங்கி ஒன்றில் ஆராய்ந்தனர். 1992-இல் அதன் முடிவு வெளியாயிற்று. 76 பேருக்கே அந்நோய் உறுதியானது, எஞ்சியோருள் பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. முதலியவை இருந்தன. அதன்பின் நோயறி விதிகள் செம்மைப்பட்டுள்ளன. ஆயினும் தொடக்க ஆண்டுகளில் ஐயம் நீங்குவதில்லை. “ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம்” என்று மருத்துவர் சொல்வது இதனாலேயே. அந்தக் காத்திருப்பைக் குறைப்பதே இரத்தத்தில் குறிப்பான்களைத் தேடுவதன் நோக்கம்.

இரத்தத்தில் தேடுவது ஏன் கடினம்?

உடலின் நிலையை அளந்து காட்டும் பொருளை ‘உயிர்க்குறிப்பான்’ என்கிறோம். சர்க்கரை நோய்க்கு எச்.பி.ஏ.1சி. அத்தகையது. மூளைக்கு இவ்வாறு ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே ஓர் இயற்கைத் தடுப்பு உள்ளது. அதனைக் கடந்து கசிந்து வரும் புரதங்களின் அளவு மிகமிகக் குறைவு. செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஓர் ஓடையில் எங்கோ ஒருபிடி உப்பு கரைந்தது என்பதை ஏரிநீரைச் சோதித்து அறிய முயல்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

இப்புரதங்களைப் பிகோகிராம் கணக்கில் அளக்க வேண்டும். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே பிகோகிராம். 2010-க்குப் பின்னர் வளர்ந்த, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணவல்ல ‘சிமோவா’ போன்ற நுண்கருவிகள் வந்த பின்னரே இது இயன்றது. முன்னர் முதுகில் ஊசி செலுத்தி எடுத்த தண்டுவட நீரில் மட்டுமே அளக்க முடிந்தவற்றுள் சிலவற்றை இன்று கையிலிருந்து எடுத்த இரத்தத்திலும் அளக்கிறோம்.

புகையைக் காட்டும் புரதம்

மிகுந்த நம்பிக்கை அளிப்பதாக நாங்கள் தொடக்கத்தில் குறிப்பிட்டது நியூரோஃபிலமென்ட் லைட் செயின், சுருக்கமாக என்.எஃப்.எல்., என்னும் புரதம். நரம்பணுவின் நீண்ட இழைகளுக்கு உள்ளிருந்து வலுவூட்டும் சட்டகத்தின் ஒரு பகுதி அது. இழை சிதைந்தால் அப்புரதம் வெளியேறித் தண்டுவட நீரிலும், பின்னர் இரத்தத்திலும் கலக்கிறது. பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ., சி.பி.எஸ். ஆகியவற்றில் சிதைவு விரைவாகவும் பரவலாகவும் நிகழ்வதால் இதன் அளவு உயர்கிறது. பார்க்கின்சன் நோயில் சிதைவு மெதுவாக நிகழ்வதால், அதே வயதுடைய நலமானவர்களின் அளவை ஒட்டியே பெரும்பாலும் இருக்கிறது.

2017-இல் சுவீடனின் லுண்ட் நகர ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான ஆய்வொன்று இதற்கு நல்ல சான்று. லுண்டில் 278 பேர், லண்டனில் 117 பேர், நோய் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட தனிக்குழுவில் 109 பேர் என மூன்று குழுக்களில் இரத்தத்தின் என்.எஃப்.எல். அளவைப் பார்த்தனர். லுண்ட் குழுவில் பிரித்தறியும் திறன் 0.91 என்று கணக்கிடப்பட்டது. அதன் பொருள் இது: பார்க்கின்சன் நோயாளர் ஒருவரையும், மற்ற மூன்று நோய்களுள் ஒன்றை உடைய ஒருவரையும் குலுக்கல் முறையில் எடுத்து ஒப்பிட்டால், 100-க்கு 91 முறை இரண்டாமவரின் அளவே கூடுதலாக இருக்கும். லண்டன் குழுவில் இது 0.85, தொடக்கநிலைக் குழுவில் 0.81.

இவை சிறந்த எண்களே. எனினும், நமக்கு மிகவும் தேவைப்படும் தொடக்கநிலையில்தான் திறன் சற்றுக் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றும் உண்டு. மலைமேல் புகை எழுந்தால் அங்கே தீ உண்டு என்று அறியலாம்; எரிவது விறகா வைக்கோலா என்று புகை சொல்லாது. என்.எஃப்.எல். அத்தகைய புகை. நரம்பிழைகள் விரைந்து சிதைகின்றன என்று அது சொல்லும். எந்த நோயால் என்று சொல்லாது. பி.எஸ்.பி.-யையும் எம்.எஸ்.ஏ.-யையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவும் அதனால் இயலாது.

பக்கவாதம், தலைக்காயம், நரம்புத் தளர்ச்சி நோய்கள் ஆகியவற்றிலும் இவ்வளவு உயரும். வயது கூடக்கூடவும் உயரும். சிறுநீரகம் பழுதடைந்தாலும், நீரிழிவு இருந்தாலும் உயரக்கூடும். இது நம் பகுதிக்கு முதன்மையான செய்தி. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயது கடந்தோருள் 100-க்கு 14 பேருக்கு நீரிழிவு உள்ளது. எனவே, நீண்டகாலச் சர்க்கரையும் சிறுநீரகக் குறையும் உள்ள 70 வயதினர் ஒருவரின் அறிக்கையில் என்.எஃப்.எல். கூடுதல் என்று கண்டதும், ‘விரைவாக முற்றும் நோய்’ என்று முடிவு செய்துவிடலாகாது.

பிற தடயங்கள்

எரிவது எது என்பதைச் சொல்லும் பரிசோதனைகளையும் ஆய்வாளர்கள் தேடிவருகின்றனர். ஆல்ஃபா-சினூக்ளினை இரத்தத்தில் நேரடியாக அளந்தால் என்ன என்று தோன்றும். இரத்தத்திலுள்ள அப்புரதத்தில் ஏறத்தாழ முழுவதும் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. இரத்தம் எடுக்கும்போது சில சிவப்பணுக்கள் உடைந்தாலே கணக்கு பிழைத்துவிடும். ஆகவே அளவை விட்டுவிட்டு, அதன் நடத்தையைச் சோதிக்கும் முறையொன்று உருவாயிற்று. பாலில் சிறிது உறைமோர் விட்டால் பால் முழுதும் தயிராவது போல, தவறாக மடிந்த சினூக்ளின் சிறிதளவு இருந்தாலும் சோதனைக்குழலில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போல் திரளச் செய்துவிடும். தண்டுவட நீரில் இம்முறையைக் கையாண்ட பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. 1,123 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், பார்க்கின்சன் நோயாளருள் 100-க்கு ஏறத்தாழ 88 பேரிடம் இத்திரட்சி காணப்பட்டது. டௌ புரதத்தால் விளையும் பி.எஸ்.பி.-யில் இது பெரும்பாலும் காணப்படாது.

இதே முறையை இரத்தத்தில் செய்வதே அடுத்த படி. ஜப்பானின் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தார் 2023-இல் இரத்த நீரிலிருந்தே இவ்வுறைப்பொருளைப் பிரித்தெடுத்தனர். பார்க்கின்சன் நோயில் உண்டாகும் திரளின் வடிவமும் எம்.எஸ்.ஏ.-யில் உண்டாகும் திரளின் வடிவமும் வேறுபடுவதையும் காட்டினர். இது மற்ற ஆய்வகங்களிலும் பெரிய அளவில் உறுதியாக வேண்டும்.

தோலில் சிறு துண்டெடுத்து ஆராயும் முறையும் உண்டு. 2024-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் பார்க்கின்சன் நோயாளருள் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோரின் தோல் நரம்புகளில் மாறுபட்ட சினூக்ளின் காணப்பட்டது. எம்.எஸ்.ஏ. நோயாளரிடமும் அவ்வாறே காணப்பட்டதால், அவ்விரண்டையும் பிரிக்க இது மட்டும் போதாது.

டோபமைன் உருவாக உதவும் டி.டி.சி. என்னும் நொதி பார்க்கின்சன் நோயிலும் அதனைப் போன்ற நோய்களிலும் உயர்வதை லுண்ட் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டனர். லெவோடோபா மாத்திரையில் சேர்ந்துள்ள துணைமருந்தே இதன் அளவை உயர்த்திவிடும் என்பதால், மருந்து தொடங்காதவர்களிடமே இது தெளிவான பொருள் தரும். சி.பி.எஸ். நோயாளருள் சிலருக்கு உள்ளே இருப்பது அல்சைமர் நோய். அதனைக் காட்டும் பி-டௌ 217 என்னும் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்து ஒழுங்காணையம் 2025 மே மாதத்தில் இசைவு அளித்தது. அது மறதி நோய்க்கென அளிக்கப்பட்ட இசைவு.

ஆக, ஒரு குறிப்பான் சிதைவின் வேகத்தையும், இன்னொன்று புரதத்தின் வகையையும், மற்றொன்று டோபமைன் பாதையின் நிலையையும் சொல்கின்றன. இவற்றை ஒருங்கே பார்த்து முடிவுக்கு வரும் காலம் அணுகிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறோம்.

இன்றே பயன்தரும் இரத்தப் பரிசோதனைகள்

புதிய குறிப்பான்களைப் பற்றிப் பேசும்போது, இன்று எளிதில் கிடைக்கும் பரிசோதனைகளை மறந்துவிடக் கூடாது. இளவயதில், குறிப்பாக 40 வயதுக்குள், நடுக்கமோ பேச்சுக் குழறலோ தோன்றினால் வில்சன் நோயா என்று பார்க்க வேண்டும். உடலில் செம்பு தேங்குவதால் வரும் அந்நோய்க்கு மருந்து உண்டு. இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவும், 24 மணிநேரச் சிறுநீரில் செம்பின் அளவும் வழிகாட்டும். தைராய்டு குறைவு உடலை மந்தமாக்கும். வைட்டமின் பி12 குறைவு நடையைத் தடுமாறச் செய்யும். இவையும் சரிசெய்யக்கூடியவை.

சில மருந்துகளே பார்க்கின்சன் நோயின் தோற்றத்தை உண்டாக்குவதும் உண்டு. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, செரிமானக் கோளாற்றுக்குத் தரும் லெவோசல்பிரைடு, தலைச்சுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் சின்னரிசின், ஃபுளூனரிசின், மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் ஆகியவை அத்தகையவை. உரிய மருந்தை நிறுத்தினால் பலர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகின்றனர். மருத்துவரைக் கேளாமல் நீங்களாக எதனையும் நிறுத்த வேண்டா. பெயரை எங்களிடம் காட்டுங்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

நோயைப் பிரித்தறியும் பணியில் குடும்பத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. நோயாளரை நாங்கள் பார்ப்பது சில நிமிடங்கள். நீங்கள் பார்ப்பது நாள் முழுதும். அடுத்தமுறை வரும்போது இவற்றைக் கொண்டுவந்தால் எங்களுக்குப் பேருதவியாகும்.

அறிகுறிகள் தோன்றிய வரிசையைத் தேதியுடன் எழுதுங்கள். முதலில் நடுக்கமா, விழுதலா, சிறுநீர்த் தொல்லையா என்ற வரிசையே பல நேரங்களில் நோயின் பெயரைச் சுட்டும்.

விழுந்த ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கமாக, எதைச் செய்யும்போது என்று குறித்துவையுங்கள்.

கைப்பேசியில் சிறு காணொளிகள் எடுங்கள்: நாற்காலியிலிருந்து எழுதல், நடந்து திரும்புதல், படி இறங்குதல், உறக்கத்தில் எழும் ஓசை அல்லது அசைவு.

வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்தபின் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறையும் அளந்து எழுதுங்கள். அருகில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்குமேல் இறங்கினால் தவறாமல் தெரிவியுங்கள்.

லெவோடோபா உட்கொண்டபின் எவ்வளவு நேரத்தில் எளிதாக இருந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். பயனில்லை என்று தோன்றினாலும் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்தானது.

சித்தம், ஆயுர்வேதம் உட்பட உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

விழுங்கும்போது அடிக்கடி புரையேறுதல், அதனோடு காய்ச்சல், இரவில் மூச்சு அடைப்பதுபோன்ற ஓசை ஆகியவை இருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே வாருங்கள்.

விளம்பரத்தைப் பார்த்து நீங்களாகச் சென்று புதிய குறிப்பான் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டா. பிற நோய்களின் நிலை தெரியாமல் பார்க்கும் எண், வீண் அச்சத்தையோ பொய்யான நிம்மதியையோ தரும். உங்களுக்கு அப்பரிசோதனை பயன்படுமா என்று முதலில் எங்களிடம் கேளுங்கள்.

ஆய்வுக்கு இரத்தம் கேட்கப்பட்டால்

இக்குறிப்பான்களின் இயல்பு அளவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடமிருந்து பெறப்பட்டவை. நம் மக்களின் வயது, நீரிழிவு, சிறுநீரக நிலை ஆகியவற்றுக்கேற்ற அளவுகள் நமக்கு வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் வட்டாரக் கிராமங்களில் முதியோரைத் தொடர்ந்து ஆராய்ந்துவருவது இத்திசையில் ஒரு முயற்சி. இரத்தத்தில் கண்டதைச் சரிபார்க்க இறுதிச் சான்று மூளைத் திசுவே. அதற்கென பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மூளைத் திசுச் சேமிப்பகம் இயங்கிவருகிறது.

எந்த ஆய்வுக்காக எவர் இரத்தம் கேட்டாலும், அறநெறிக் குழுவின் ஒப்புதல் உண்டா, தமிழில் விளக்கத் தாள் உண்டா, முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்படுமா, பெயர் மறைக்கப்படுமா என்று கேளுங்கள். மறுப்பதற்கும், இடையில் விலகுவதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் சிகிச்சையில் எக்குறையும் நேரக் கூடாது.

நோயின் பெயர் உறுதியாகும்வரை சிகிச்சை காத்திருப்பதில்லை. உடற்பயிற்சி, விழாமல் காத்தல், விழுங்கும் பயிற்சி, உறக்கம், மனச்சோர்வுக்கான உதவி ஆகியவற்றை இன்றே தொடங்கலாம். மருத்துவர் “இன்னும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை” என்று கூறினால், உங்கள் நோயைத் தொடர்ந்து கவனிக்கிறார் என்று கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொண்டுவரும் குறிப்புகள் அந்த உறுதியை விரைவில் எட்ட எங்களுக்கு உதவும்.